நோயும் நோயாளியின் எண்ணமும்

பல்க் நகரை அடுத்த ஷாமிஸ்தியான் என்னும் சிற்றூரில் பிறந்து, இராக்கில் அல்கிந்தீயிடம் பயின்று, ஹிஜ்ரி 322-இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீயைப் புவியியல் அறிஞராகவே பலரும் அறிவர். அவர் யாத்த 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலோ நெடுங்காலம் இஸ்தான்பூலில் கையெழுத்துப் படியாகவே இருந்தது. 1984-இல் ஃபுஆத் ஸெஸ்கின் அதனை ஃபிராங்ஃபர்ட்டில் நிழற்படப் பதிப்பாக வெளிக்கொணர்ந்தார். அதன் பிற்பகுதியைச் சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ 2013-இல் ஆங்கிலத்தில் தந்தார்.

நூலின் முற்பகுதி உடலைப் பற்றியது. பிற்பகுதி நஃப்ஸைப் பற்றியது. உடல் நோயுற்றால் உள்ளம் தன் இன்பங்களை இழக்கிறது. உள்ளம் வருந்தினால் உடலும் நலிகிறது. ஆகவே இரண்டையும் ஒருங்கே பேச வேண்டும் என்பது அவர் கருத்து. மருத்துவர்கள் உடலோடு நின்றுவிடுகின்றனர் என்பது அவர் மனக்குறை.

இதே குறையை 1977-இல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் எங்கல் எழுப்பினார். நோயை உயிரியல், உளவியல், சமூகம் ஆகிய மூன்றும் கூடிய ஒன்றாகக் காண வேண்டும் என்றார். மறு ஆண்டே அமெரிக்க உளவியல் சங்கத்தில் உடல்நல உளவியலுக்கெனத் தனிப்பிரிவு தோன்றியது. இதைக் கொண்டு, 'எல்லாம் நம் நூல்களில் முன்பே உள்ளது' என்று பெருமை பேச நான் வரவில்லை. அல்பல்கீயின் உடலியல் அவர் காலத்துப் பித்த, இரத்தக் கொள்கையைச் சார்ந்தது. கருத்தை ஆய்வின் வழியே நிறுவும் பணி பின்வந்தோருடையது.

அவ்வாய்வுகளுள் ஒன்றைப் படித்தபோது என் அத்தாவின் நினைவு வந்தது. அவர்களுக்கு இரத்த அழுத்தம் இருந்தது. தலை கனத்த நாளில் மட்டும் மாத்திரை உண்பார்கள். கனம் நீங்கினால் நிறுத்திவிடுவார்கள். நாங்கள் அதை அலட்சியம் என்றோம். நான் கடிந்து பேசியதும் உண்டு. ஒரு நாள் சுப்ஹு வேளையில் வலப்பக்கம் செயலிழந்தது.

ஹோவர்ட் லெவந்தாலும் அவருடன் பணியாற்றியோரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வு, இரத்த அழுத்த நோயாளிகளைப் பற்றியது. அழுத்தம் கூடுவதை மனிதர் உணர இயலாது என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டனர். ஆயினும் தம்முடையதைத் தம்மால் உணர முடிகிறது என்றே அவர்களிற் பெரும்பாலோர் நம்பினர்! நோயாளி ஒவ்வொருவரும் தம் நோய்க்கு ஒரு சித்திரம் வரைந்துகொள்கிறார்: அதன் பெயர் என்ன, காரணம் என்ன, எத்தனை நாள் நீடிக்கும், என்ன விளைக்கும், கட்டுப்படுமா என்று. மருந்து உண்பதும் விடுவதும் அச்சித்திரத்தின்படியே நிகழ்கின்றன. அத்தா அலட்சியமாக இருக்கவில்லை. தாம் அறிந்த நோய்க்குத் தாம் அறிந்தவாறு கவனத்துடன்தான் மருந்துண்டார்கள். அறிகுறி இன்றியே அது வளரும் என்பதை மருத்துவரும் விளக்கவில்லை, நாங்களும் விளக்கவில்லை. நீண்டகால நோய்களுக்கான மருந்தை முறையாக உண்போர் வளர்ந்த நாடுகளிலேயே ஏறத்தாழ 50 விழுக்காட்டினர் என உலக சுகாதார நிறுவனம் 2003-இல் அறிவித்தது.

விளக்கத்துக்கு இருக்கும் ஆற்றலைக் காட்டும் வேறோர் ஆய்வு 1964-இல் வெளிவந்தது. பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வயிற்று அறுவைக்கு வந்த 97 பேரில் ஒரு பகுதியினருக்கு, எங்கே வலிக்கும், ஏன் வலிக்கும், எப்படித் தணித்துக்கொள்வது என மயக்க மருத்துவர் முன்கூட்டியே எடுத்துரைத்தார். ஏனையோருக்குத் தேவைப்பட்ட வலிமருந்தில் சுமார் பாதியே இவர்களுக்குப் போதுமானதாயிற்று. வீடு திரும்பியதும் விரைவில். கட்டியையோ கிருமியையோ சொல் கரைத்துவிடும் என்பதல்ல இதன் பொருள். வலியைத் தாங்கும் உள்ளம் ஆயத்தமாக இருந்தது, அவ்வளவே. உடல்நலமுள்ளவர் அவசரத்துக்கு மருந்து வைத்திருப்பது போல, அமைதியான வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேமித்துவைக்குமாறு அல்பல்கீ கூறுவதும் இத்தகைய ஆயத்தத்தையே.

துயரத்தை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று, இழப்பு முதலிய தெரிந்த காரணத்தால் வருவது. மற்றது, காரணம் புலப்படாமல் உடலின் கோளாற்றால் எழுவது. பின்னதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்கிறார்.

பக்கவாதத்துக்குப் பின் அத்தா பேச்சைக் குறைத்தார்கள், உணவை ஒதுக்கினார்கள். பார்க்க வந்தோர் 'ஸபுரு இல்லை' என்றனர். மூளை பாதிக்கப்பட்டோரில் பலருக்கு மனச்சோர்வு ஒரு நோயாகவே தோன்றும் என்பதை வேறொரு மருத்துவர் சொல்லித்தான் அறிந்தோம். அதற்கும் மருந்து தந்தார். சில வாரங்கள் சென்றபின், ஒரு மாலையில் அத்தா தாமாகவே முஸ்ஹஃபைக் கேட்டார்கள். அருகிலிருந்த இரத்த அழுத்த மாத்திரையையும் கேட்டார்கள், அன்று தலை கனக்கவில்லை.