உங்களுக்குத் தெரியுமா? ஹங்கேரியின் ஹோன்வேட் கிளப்!

மெஸ்ஸியா, ரொனால்டோவா என்று விடிய விடியச் சண்டை போடுகிறவரா நீங்கள்? ஐந்து நிமிடம் அதை ஓரம் கட்டுங்கள். புடாபெஸ்ட்டில் ஹோன்வேட் என்றொரு கால்பந்து கிளப் இருக்கிறது. கிளறக் கிளற எனக்கே தலை சுற்றிவிட்டது. பிடியுங்கள்!

பிறந்த வருடம் 1909. அன்றைய பெயர் கிஷ்பெஷ்ட் ஏ.சி. அந்த கிஷ்பெஷ்ட் அப்போது புடாபெஸ்ட்டுக்குள்ளேயே இல்லை, தனி ஊர். தலைநகரோடு சேர்ந்தது 1950-ல்தான். அதற்குள் கிளப்புக்கு வயது 41!

கிஷ்பெஷ்ட்டில் அக்கம்பக்கத்து வீட்டுப் பொடியன்கள் இருவர். ஒருவர் ஃபெரென்ஸ் புஷ்காஷ். பிற்பாடு ஹங்கேரிக்காக 85 ஆட்டங்களில் 84 கோல்! இன்னொருவர் யோஷெஃப் போஜிக். அந்த நாட்டில் முதன்முதலாக 100 சர்வதேச ஆட்டங்களைத் தொட்டவர். போகிற போக்கில் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்துவிட்டார்!

கிளப்பில் சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். புஷ்காஷுக்கு ஆகவில்லை. விடுவாரா? மிக்லோஷ் கோவாச் என்ற கள்ளப்பெயரில் பதிவு! புஷ்காஷ் என்பதும் பிறந்தபோது வந்த பெயர் இல்லை. புர்ட்செல்ட் என்ற குடும்பப் பெயரை 1937-ல் மாற்றினார்கள். ஆக, 12 வயதுக்குள் பையனுக்கு 3 பெயர்!

1947-48 சீசனில் அவர் அடித்த லீக் கோல்கள் எத்தனை? 50!

அந்தக் காலத்துக் கோச் பேலா குட்மான். முன்கோபத்துக்குப் பேர்போனவர். ஓர் ஆட்டத்தின் இடைவேளையில், பாட்யி என்ற தடுப்பாட்டக்காரரை வெளியே உட்காரச் சொன்னார். பத்துப் பேரோடு ஆடினாலும் பரவாயில்லையாம்! புஷ்காஷோ அவரை நீ ஆடு என்று சொல்லிவிட்டார். பாட்யியும் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். குட்மான் கத்தவில்லை. நேராகக் கேலரிக்குப் போனார். குதிரைப் பந்தயப் பத்திரிகையை விரித்துப் படித்தார். ஆட்டம் முடிந்ததும் டிராம் ஏறி வீட்டுக்குப் போனவர்தான். திரும்பி வரவே இல்லை! இவர் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி வருவார்.

1949 முடிகிற நேரத்தில் கிளப்பை ராணுவம் எடுத்துக்கொண்டது. கிஷ்பெஷ்ட் ஹோன்வேட் ஆனது. ஆட்டக்காரர்களுக்கெல்லாம் ராணுவப் பதவி! புஷ்காஷ் பின்னாளில் மேஜர். அவர் கையில் இருந்த ஆயுதம் என்னவோ இடது கால் மட்டும்தான்!

வேறு கிளப்பில் நல்ல ஆட்டக்காரர் இருக்கிறாரா? பேரம் பேச வேண்டியதில்லை. ராணுவத்தில் சேரச் சொல்லி ஓர் உத்தரவு போதும். ஃபெரென்ஸ்வாரோஷ் கிளப்பின் ஷான்டோர் கோச்சிஷும் புடாயும் அப்படித்தான் வந்தார்கள். டிரான்ஸ்ஃபர் தொகை? பூஜ்யம்!

1950 என்ற ஒரே வருடத்தில் ஹோன்வேட் இரண்டு முறை லீக் சாம்பியன்! வசந்தத்தில் ஒரு சீசன் முடிந்தது. இலையுதிர் காலத்துக்குள் அரை சீசன் ஒன்றை நடத்தி முடித்தார்கள். இரண்டும் ஹோன்வேட்டுக்கே!

1953 ஆகஸ்ட் 20. புடாபெஸ்ட்டில் பிரம்மாண்டமான மக்கள் ஸ்டேடியம் திறப்பு. முதல் ஆட்டத்தில் ஹோன்வேட், ஸ்பார்டக் மாஸ்கோவை 3-2 என்று சாய்த்தது. அதே இடத்தில் இன்று நிற்பது புஷ்காஷ் அரீனா. இருக்கைகள் சுமார் 67,000!

மூன்றே மாதம் கழித்து, நவம்பர் 25. லண்டன் வெம்ப்ளி. ஐரோப்பியக் கண்டத்து அணி எதுவும் அதுவரை இங்கிலாந்தை அங்கே வென்றதில்லை. ஹங்கேரி 6, இங்கிலாந்து 3! அந்தப் பதினொரு பேரில் பாதிக்கு மேல் ஹோன்வேட்காரர்கள். அடுத்த மே மாதம் பதிலடி கொடுக்க இங்கிலாந்து புடாபெஸ்ட்டுக்கு வந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டது 7-1!

1954 உலகக் கோப்பையில் கோச்சிஷ் அடித்தது 11 கோல். தென் கொரியாவுக்கு எதிராக 3, அடுத்த ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக 4. கோப்பை மட்டும் கிடைக்கவில்லை. இறுதியாட்டத்தில் அதே மேற்கு ஜெர்மனி 3-2!

இனி வருவதுதான் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்த சரக்கு. சாம்பியன்ஸ் லீக் பிறந்ததற்கு ஹோன்வேட்டின் ஒரு தோல்வியும் காரணம்!

1954 டிசம்பர் 13. இங்கிலாந்தின் வுல்வ்ஸ் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். மின்விளக்கு வெளிச்சம். முதல் 14 நிமிடத்தில் ஹோன்வேட் 2-0! ஆனால் வுல்வ்ஸ் மேனேஜர் ஸ்டான் கல்லிஸ் காலையிலேயே ஒரு வேலை பார்த்திருந்தார். நான்கு நாள் மழையில் ஊறிக் கிடந்த மைதானத்துக்கு, பயிற்சிப் பையன்களை விட்டுத் தண்ணீர் பாய்ச்சச் சொல்லியிருந்தார்! பெரியவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தாராம் அதில் ஒரு பையன். அவர் பெயர் ரான் அட்கின்சன். பின்னாளில் மான்செஸ்டர் யுனைடெட் மேனேஜர்! இரண்டாம் பாதியில் சேறு காலைப் பிடித்தது. ஹங்கேரியர்களின் துல்லியமான பாஸ் எல்லாம் பாதி வழியில் நின்றது. வுல்வ்ஸ் 3, ஹோன்வேட் 2!

மறுநாளே இங்கிலாந்துப் பத்திரிகை, வுல்வ்ஸ்தான் உலக சாம்பியன் என்று குதித்தது. பிரான்ஸின் 'லெக்கிப்' பத்திரிகையாளர் காப்ரியேல் ஹனோவுக்குப் பொறுக்கவில்லை. அப்படியானால் ஐரோப்பா முழுக்கப் போட்டி வைத்துப் பார்க்கலாமே என்று எழுதினார். 1955 செப்டம்பரில், பின்னாளில் சாம்பியன்ஸ் லீக் ஆன ஐரோப்பியக் கோப்பை தொடங்கியே விட்டது!

அதில் ஹோன்வேட் ஆட வந்தது 1956-ல். எதிரணி ஸ்பெயினின் அத்லெடிக் பில்பாவ். அந்த நேரம் பார்த்து ஊரில் புரட்சி, தெருவில் சோவியத் டாங்கிகள். புஷ்காஷ் சண்டையில் செத்துவிட்டார் என்றுகூட வெளிநாட்டுப் பத்திரிகைகளில் செய்தி வந்தது!

செத்தவர் பில்பாவில் ஜம்மென்று ஆடினார். ஆட்டம் 2-3. தாயக ஆட்டத்தைத் தாயகத்தில் நடத்த வழியில்லை, பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் நடந்தது. கோல்கீப்பருக்குக் காயம். மாற்று ஆள் இறக்க அன்று விதி கிடையாது. விங்கர் சிபோரே கோல்கம்பத்துக்கு நடுவே போய் நின்றார்! அப்படியும் 3-3. மொத்தத்தில் ஒரே ஒரு கோலில் போச்சு!

ஊர் திரும்பினார்களா? இல்லை! ஸ்பெயின், இத்தாலி, போர்ச்சுகல், அப்புறம் பிரேசில். ஆடக்கூடாது என்று ஃபிஃபா தடை போட்டும் ஆடினார்கள். பார்சிலோனாவை 4-3 என்று வென்றார்கள். இந்தப் பயணத்துக்குக் கோச் யார் தெரியுமா? டிராம் ஏறிப் போன அதே குட்மான்!

அவர் பிரேசிலிலேயே தங்கி, 1957-ல் சாவோ பாலோவை மாநிலச் சாம்பியன் ஆக்கிவிட்டார். கோச்சிஷும் சிபோரும் பார்சிலோனாவுக்குப் போனார்கள். ஊர் திரும்பாததற்காக விழுந்த தடை தீர்ந்து ரியல் மாட்ரிட்டில் சேரும்போது புஷ்காஷுக்கு வயது 31. தொப்பை வேறு. கூடுதல் எடை 18 கிலோ என்று அவரே சொல்லிக்கொண்டார். 1960 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்த 'தொப்பைக்காரர்' அடித்தது 4 கோல்!

இதைக் கேளுங்கள். 1954-ல் உலகக் கோப்பையைத் தவறவிட்டது ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகர வாங்க்டார்ஃப் மைதானத்தில். 1961 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டமும் அதே மைதானம். பார்சிலோனாவுக்காகக் கோச்சிஷ் ஒன்று, சிபோர் ஒன்று அடித்தார்கள். முடிவு? மறுபடியும் 2-3 தோல்வி! ஜெயித்த பென்ஃபிகாவின் கோச்? குட்மான்! கதை எழுதினால்கூட இப்படி எழுதக் கூச்சமாக இருக்கும்.

நட்சத்திரங்கள் போனதும் ஹோன்வேட் காலி என்று நினைத்தீர்களா? புஷ்காஷ் காலத்தில் வென்ற லீக் பட்டம் 5. அவர் இல்லாமல் 1980 முதல் 1993-க்குள் மட்டும் 8!

அப்புறம் 24 வருட வறட்சி. 2017 மே 27, கடைசி நாள், கடைசி ஆட்டம். வீடியோட்டனும் ஹோன்வேட்டும் சம புள்ளி. நேருக்கு நேர் மோதல்! மார்டன் எப்பெல் அடித்த ஒரே கோலில் 14-வது பட்டம்! அன்றைய கோச் மார்கோ ரோஸ்ஸியை அடுத்த வருடமே ஹங்கேரி தேசிய அணி கொத்திக்கொண்டு போனது. அதே கிளப் 2023-ல் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டது என்பது வேறு கதை!

ஹோன்வேட் மைதானத்துக்குப் போக 42-ம் எண் டிராமில் ஏறுங்கள். கடைசி நிறுத்தம் லயோஷ் திஹி தெரு. அவரும் ஹோன்வேட் வீரர்தான், ஹங்கேரிக்கு 51 கோல் அடித்தவர். மைதானம் இருப்பது புஷ்காஷ் தெருவில். மைதானத்தின் பெயர் போஜிக்!

விண்வெளியிலும் புஷ்காஷ் இருக்கிறார். ஒரு சிறுகோளுக்கு அவர் பெயர். எண் 82656!

வெம்ப்ளியில் கோல்காத்த ஹோன்வேட் கீப்பர் ஜூலா குரோஷிச். 1962-ல் ஃபெரென்ஸ்வாரோஷுக்கு ஆட ஆசைப்பட்டார். மேலிடம் விடவில்லை. 2008-ல் அந்த கிளப் அவரைக் கூப்பிட்டு ஜெர்சி கொடுத்தது. ஷெஃபீல்ட் யுனைடெட்டுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் கோல்கம்பத்துக்கு முன்னால் நின்று தொடங்கிவைத்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அப்போது அவருக்கு வயது 82!