முழு உடல் பரிசோதனை: பணம் கட்டும் முன் கேளுங்கள்

தென் கொரியாவில் 1999-இல் அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், கொஞ்சம் கூடுதல் பணம் கட்டினால் கழுத்துக்கும் ஸ்கேன் எடுக்கலாம் என்றார்கள். 2011-இல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ஐப் போல 15 மடங்கு ஆகிவிட்டது. அந்த நோயால் ஏற்படும் இறப்பு விகிதமோ குறையவே இல்லை.

வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே தராத சிறு கட்டிகள்தான் ஸ்கேனில் பெரும்பாலும் சிக்கியிருந்தன. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் 100-க்கு 11 பேருக்கு, கால்சியத்தைச் சீராக வைக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பாதிக்கப்பட்டன. 2 பேருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014-இல் மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்த பிறகே அறுவை சிகிச்சைகள் வெகுவாகக் குறைந்தன.

குடும்ப மருத்துவம் பயிலும் ஒவ்வொருவருக்கும் இதைப் பாடமாக நடத்த வேண்டும். நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்ததால் இறப்பு குறைந்ததா என்று கேட்க அவர்கள் பழக வேண்டும். எண்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1,000 பேரில் 2 பேர் இறக்கும் நோயில், பரிசோதனையால் அது ஒருவராகக் குறைந்தால் ‘50 சதவீதம் குறைவு’ என்று விளம்பரம் செய்யலாம். உண்மையில் பயன் கிடைத்தது 1,000 பேரில் ஒருவருக்கு. மற்றவர்களில் எத்தனை பேருக்கு வீண் பயமும் வீண் அறுவையும் என்ற கணக்கையும் நோயாளியிடம் சொல்ல வேண்டும்.

உங்கள் உரிமை

இந்தியாவின் தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், விளக்கம் பெறவும் வேறு மருத்துவரிடம் கருத்து கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்கிறது. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி. மறுத்தால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

கேட்க வேண்டியவை

• என் வயதில், அறிகுறி இல்லாத நிலையில், இந்தப் பரிசோதனை எதற்கு?
• 1,000 பேர் செய்துகொண்டால் எத்தனை பேருக்குப் பயன், எத்தனை பேருக்குப் பாதிப்பு?
• செய்யாவிட்டால் என்ன ஆகும்?

இதைப் படித்துவிட்டு எல்லாப் பரிசோதனையையும் ஒதுக்கிவிடாதீர்கள். 30 வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, வாய், மார்பக, கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைகளை அரசே செய்கிறது, தவறவிடாதீர்கள். கட்டியோ ரத்தக் கசிவோ தெரிந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள். அறிகுறி இருக்கும்போது தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.