உடனொளிர்வு வேதி உணரி

உடனொளிர்வு வேதி உணரி என்பது, குறிப்பிட்ட ஓர் அயனியுடனோ மூலக்கூறுடனோ பிணையும்பொழுது தன் ஒளிர்வின் செறிவையோ நிறத்தையோ மாற்றிக்கொண்டு, அப்பொருள் கரைசலில் இருப்பதைத் தெரிவிக்கும் மூலக்கூறு ஆகும். புறஊதாக் கதிர் போன்ற ஒளியை உள்வாங்கி, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள ஒளியாக உடனே உமிழ்வது உடனொளிர்வு எனப்படும். இருண்ட பின்னணியில் எழும் ஒளியை அளப்பது எளிது என்பதால், மிகவும் நீர்த்த கரைசலிலும் இம்முறை பயன்படும்.

செயற்படும் விதம்

இலக்கைப் பற்றும் ஏற்பி, ஒளியை உமிழும் ஒளிரி ஆகிய இரண்டையும் ஒரு குறுகிய கார்பன் சங்கிலி இணைப்பது பரவலான அமைப்பாகும். ஒளிரி கதிரை உள்வாங்கியவுடன், ஏற்பியிலுள்ள நைதரசன் அணுவின் எதிர்மின்னி (எலக்ட்ரான்) ஒன்று அதற்குத் தாவுகிறது. பெற்ற ஆற்றல் ஒளியாகாமல் வெப்பமாகக் கழிகிறது. நேர்மின்மம் கொண்ட அயனி ஏற்பியில் அமர்ந்தால், அது நைதரசனின் எதிர்மின்னிகளைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். தாவல் நின்று ஒளிர்வு மீளும்.

இலங்கையில் பிறந்து, பெல்ஃபாசுட்டு நகரிலுள்ள குயின்சு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ஏ. பி. டி சில்வா, 1980களில் இவ்வடிவமைப்பை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர். ஐதரசன் அயனியும் சோடியம் அயனியும் சேர்ந்திருந்தால் மட்டுமே நன்கு ஒளிரும் மூலக்கூறு ஒன்றை அவரது குழு 1993இல் வெளியிட்டது. கணினியியலில் 'உம்' வாயில் என்பதும் இதுவே. இவ்வகை உணரிகள் குருதிப் பகுப்பாய்வுக் கருவிகளில் இடம்பெற்றன. குருதி நீர்மத்தில் லிட்டருக்குச் சோடியம் ஏறத்தாழ 140 மில்லிமோல், பொட்டாசியமோ 4 மில்லிமோல் அளவே. எனவே பொட்டாசியம் உணரி, 35 மடங்கு மிகுந்துள்ள சோடியத்தைக் கண்டுகொள்ளாமல் இருக்க வேண்டும். பற்றுவதைவிடப் புறக்கணிப்பதே இங்குக் கடினம்.

நிலத்தடி நீரில் புளோரைடு

ஓமலூரை உள்ளடக்கிய சேலம் மாவட்டத்திலும், அண்டையிலுள்ள தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களிலும் பாறைப்பாங்கான பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைடு பல இடங்களில் மிகுதியாக உள்ளது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். இதற்கு மேற்பட்ட நீரைத் தொடர்ந்து பருகினால் பற்களில் கறையும், அளவு மிகுந்தால் காலப்போக்கில் எலும்புப் பாதிப்பும் உண்டாகும். புளோரைடுக்கு நிறமோ மணமோ இல்லை. நீரைக் கொதிக்க வைத்தாலும் நீங்காது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடவே செய்யும். ஆகவே அளந்தறிவதன்றி வேறு வழியில்லை.

புளோரைடு எதிர்மின்ம அயனி என்பதால் உணரியின் வழியும் வேறு. சில உணரிகளில் அது சிலிக்கன்–ஆக்சிசன் பிணைப்பை அறுத்து, அடைபட்டிருந்த ஒளிரியை விடுவிக்கிறது. இத்தகைய உணரி ஒரு முறைக்கே உதவும். சிக்கல் நீரிலேயே உள்ளது. உருவிற் சிறிய புளோரைடை நீர் மூலக்கூறுகள் இறுகச் சூழ்ந்துகொள்வதால், அசெட்டோநைட்ரைல் போன்ற கரைப்பானில் நன்கு ஒளிரும் உணரி, கிணற்று நீரில் வாளாவிருக்கக்கூடும். ஆய்விதழ்களில் வெளியான புளோரைடு உணரிகளுள் பலவற்றுக்கு இக்குறை உண்டு. இதனால் களச்சோதனைப் பெட்டிகளில் சிர்க்கோனியச் சாயத்தின் நிற மாற்றமும், ஆய்வகங்களில் புளோரைடு மின்முனையும் இன்றும் பயன்படுகின்றன.