வாழ்ந்த இடத்தில் முதுமை: ஓர் அறநிறுவன நிர்வாகக் குழுவின் பொறுப்புகள்

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டில் குடிமக்களுள் நால்வரில் ஒருவர் 65 வயதையோ அதற்கு மேலான வயதையோ எட்டியிருப்பார் என்பது பல மேடைகளில் சொல்லப்பட்டுவிட்ட கணக்கு. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாதிமை இல்லங்களில் அல்லாமல், தாம் பல்லாண்டு வாழ்ந்த அடுக்குமாடி வீடுகளிலேயே முதுமையைக் கழிக்கப்போகிறார்கள் என்பது அந்த அளவுக்குப் பேசப்படாத செய்தி. அரசாங்கத்தின் திட்டம் அதுதான். முதியோரின் விருப்பமும் பெரும்பாலும் அதுதான். திட்டத்துக்கும் விருப்பத்துக்கும் நடுவே நின்று, வீட்டுக் கதவைத் தட்டும் வேலையைச் செய்பவற்றுள் அறநிறுவனங்கள் முதன்மையானவை. அவற்றை வழிநடத்துவோர் யார், அவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து எவற்றைப் பற்றி முடிவெடுக்கிறார்கள் என்பதை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். நாமும் அத்தகைய நிர்வாகக் குழுவொன்றில் பணியாற்றி வருவதால், சட்டம் சொல்வதோடு, மேசையில் நேரில் கண்டதையும் சேர்த்தே சொல்ல விழைகிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘ஏஜிங் இன் பிளேஸ்’ என வழங்கும் கருத்தை ‘வீட்டிலேயே மூப்படைதல்’ என்று பலர் பெயர்க்கிறார்கள். பொருள் விளங்கினாலும் அதில் ஒரு குறை உண்டு. ‘பிளேஸ்’ என்பது நான்கு சுவர்களை மட்டும் குறிப்பதன்று. காலையில் தேநீர் குடிக்கும் காப்பிக்கடை, மீன் வாங்கும் சந்தை, மாத்திரை பெறும் பலதுறை மருந்தகம், வெள்ளிக்கிழமை போகும் கோயில், மின்தூக்கியருகே தலையசைக்கும் அண்டை வீட்டார் எல்லாம் சேர்ந்ததே அந்த இடம். வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் முதியவர் தம் வீட்டில்தான் இருக்கிறார். ஆயினும் தாம் வாழ்ந்த இடத்தில் அவர் இல்லை. ஆகவே ‘வாழ்ந்த இடத்தில் மூப்படைதல்’ என்ற தொடரையே நாம் ஏற்கிறோம். இது வெறும் சொல்லாய்வு அன்று. ஓர் அறநிறுவனம் தன் பணியை ‘வீடு’ என்று வரையறுத்தால் கழிவறைக் கைப்பிடிக் கம்பியோடு நின்றுவிடும். ‘இடம்’ என்று வரையறுத்தால் சந்தைக்கு உடன் செல்ல ஒரு தொண்டூழியரைத் தேடும். அந்த வரையறையை எழுதுவதே நிர்வாகக் குழுவின் முதல் வேலை.

கைப்பிடிக் கம்பியைக் குறைத்துச் சொல்வதாக எண்ணிவிட வேண்டாம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960இல் தொடங்கப்பட்டபோது இளங்குடும்பங்களுக்கு விரைவாக வீடு தருவதே அவசரம். அக்காலத்துப் புளோக்குகளில் மின்தூக்கி எல்லாத் தளங்களிலும் நிற்பதில்லை; குளியலறை வாசலில் படி இருக்கும். 2001இல் அறிவிக்கப்பட்ட மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் முதற்குறையைப் பெருமளவு நீக்கியது. 2012இல் வந்த ‘ஈஸ்’ திட்டத்தின் கீழ் கைப்பிடிக் கம்பி, சாய்தளம், வழுக்காத தரை ஆகியவை மானியத்துடன் கிடைக்கின்றன. குடிமக்களுக்குச் செலவில் 87.5 முதல் 95 விழுக்காடு வரை அரசே ஏற்கிறது. ஆயினும் மானியம் இருப்பது ஒன்று, எண்பது வயது மூதாட்டி அதற்கு விண்ணப்பிப்பது வேறொன்று. படிவம் நிரப்பவும், வேலையாட்கள் வரும் நாளில் உடனிருக்கவும், வேலை முடிந்தபின் தூசியைக் கூட்டவும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை அனுப்புவதுதான் அறநிறுவனம்.

அனுப்புவதற்குப் பணம் வேண்டும். அரசு மானியம், நன்கொடை ஆகியவையே வருவாயின் பெரும்பகுதி. பொதுநலத் தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்கு அளிக்கும் நன்கொடைக்கு அதன் இரண்டரை மடங்குத் தொகை வரிக்கழிவாகக் கிடைக்கும். இச்சலுகை அவ்வப்போது நீட்டிக்கப்பட்டு வந்துள்ளது. நிதி திரட்டுவதற்கான செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. இவையெல்லாம் எளிதில் விளங்குபவை. விளங்கினாலும் மனம் ஏற்க மறுப்பது வேறொன்று. தீபாவளிக்கு அரிசியும் எண்ணெயும் அடங்கிய பையை வழங்க நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்பார்கள். கணக்கரின் சம்பளத்துக்கும், வீடு வீடாகச் செல்லும் ஊழியரின் பயிற்சிக்கும் எவரும் மனமுவந்து தருவதில்லை. அரிசிப் பை புகைப்படத்தில் நன்றாக விழும் என்பது காரணமாக இருக்கலாம்.

மானியத்தோடு எண்ணிக்கையும் வருகிறது. எத்தனை முதியோர் வந்தனர், எத்தனை நிகழ்ச்சிகள் நடந்தன என்று அறிக்கை கேட்கப்படுகிறது. கேட்பதில் தவறில்லை; பொதுப்பணம் அது. ஆனால் முப்பது பேர் கூடிச் செய்யும் நாற்காலி உடற்பயிற்சி அறிக்கையில் முப்பது என்று பதிவாகும். மனைவியை இழந்து மூன்று மாதமாகக் கதவைத் திறக்காத ஒருவரிடம் ஊழியர் செலவிட்ட மூன்று மணி நேரம் ஒன்று என்று பதிவாகும். முப்பதை மட்டும் பார்த்து மகிழும் நிர்வாகக் குழு, நாளடைவில் தன் நிறுவனத்தை உடற்பயிற்சிக் கூடமாக்கிவிடும். வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களைப் பற்றி ஒவ்வொரு கூட்டத்திலும் தனியாகக் கேட்க ஒருவர் வேண்டும். அக்கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தாலே அறிக்கை வேறுவிதமாக எழுதப்படும்.

நிர்வாகக் குழு அன்றாட வேலையைச் செய்வதில்லை; செய்யவும் கூடாது. நிர்வாக இயக்குநரைத் தாண்டி ஊழியருக்கு நேரடியாகக் கட்டளையிடும் உறுப்பினர், நல்லெண்ணத்தோடு செய்தாலும் நிறுவனத்துக்குச் சுமையே. குழு வகுப்பது கொள்கை. அந்தச் சொல் பெரிதாக ஒலிக்கிறது. உண்மையில் அது மிகச் சிறிய பொருள்களைப் பற்றியது. தனியாக வாழும் முதியவரின் மாற்றுச் சாவி யாரிடம் இருக்கலாம்? நடக்க இயலாத ஒருவர் தொண்டூழியரிடம் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் கொடுத்து, “நூறு வெள்ளி எடுத்து வாப்பா” என்றால் அவர் என்ன செய்ய வேண்டும்? மறுத்தால் முதியவர் மனம் நோகும். ஏற்றால் நாளை ஒரு தொகை குறையும்போது அத்தொண்டூழியரின் நற்பெயருக்கு யார் காவல்? சாவிக்குப் பதிவேடு, பணம் எடுக்க இருவர், ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டு என்று எழுதி வைப்பது அன்பில்லாத செயல்போலத் தோன்றும். அன்பு நீடிக்க அந்தக் காகிதம் வேண்டும் என்பதே எங்கள் குழு கண்டது.

இவற்றையெல்லாம் விடக் கடினமான பொருளுக்கு வருவோம். வாழ்ந்த இடத்தில் மூப்படைவது ஆபத்தாக மாறும்போது நிறுவனம் என்ன செய்ய வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டாக, 82 வயது மூதாட்டி ஒருவர் ஆண்டுக்குள் இருமுறை கீழே விழுந்திருக்கிறார் என்று கொள்வோம். மகன் தாதிமை இல்லத்தில் இடம் பார்த்துவிட்டார். அம்மூதாட்டியோ, “என் உயிர் இந்த வீட்டில்தான் போகும்” என்கிறார். 2008ஆம் ஆண்டின் மனநலத் திறன் சட்டம் இதில் தெளிவானது. ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று நிறுவப்படும்வரை, திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும். பிறர் பார்வையில் அறிவுடைமை அல்லாத முடிவை எடுத்தார் என்பதற்காகவே அவரைத் திறனற்றவர் எனக் கருதக்கூடாது. துன்புறுத்தலுக்கோ புறக்கணிப்புக்கோ, தம்மைத்தாமே பேணாத நிலைக்கோ ஆளான, பாதுகாத்துக்கொள்ள இயலாதோருக்காக 2018இல் இயற்றப்பட்ட வேறொரு சட்டம் அரசு தலையிட இடம் தருகிறது. இவ்விரு சட்டங்களுக்கும் இடையிலுள்ள அகன்ற வெளியில்தான் நம் முதியோர் பலர் வாழ்கிறார்கள்.

அவ்வெளியைப் பற்றிக் குழுவில் கருத்து வேறுபாடு எழுவது இயல்பு. காப்புறுதித் துறையில் பணியாற்றிய உறுப்பினர், விழுந்தால் பழி நம்மீது வரும் என்பார். தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர், இல்லத்துக்குப் போனவர்களும் விழுகிறார்கள் என்பார். இருவர் சொல்வதும் மெய். எங்கள் குழு நீண்ட விவாதத்துக்குப் பின் இவ்வாறு முடிவு செய்தது: தமக்குள்ள ஆபத்து இன்னது என்பதை முதியவர் தம் சொற்களில் எடுத்துச் சொல்ல முடிகிறவரை, அவர் முடிவை மதித்துச் சேவையைத் தொடர்வது, அதை எழுதி வைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் கேட்பது, அடுப்பை அணைக்க மறப்பதுபோல் அண்டை வீட்டாரின் உயிருக்கும் ஆபத்தென்றால் மட்டும் வேறு முறை.

‘தம் சொற்களில்’ என்று எழுதிவிட்டோம். எந்த மொழியின் சொற்களில்?

தமிழர்களாகிய நமக்கு இக்கேள்வி இங்கேதான் உறைக்க வேண்டும். 1989இல் நடப்புக்கு வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, எந்தப் புளோக்கிலும் எந்த இனமும் ஒரேயடியாகக் குவியாதபடி செய்தது. அதனால் நாட்டுக்கு விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. அதன் மறுபக்கமாக, எண்ணிக்கையில் சிறிய நம் சமூகத்தின் முதியவர் தம் தளத்தில் தமிழ் பேசும் ஒரே ஆளாக இருப்பது அரிதன்று. கால் நன்றாக இருந்தவரை அது குறையாகத் தெரியாது. தேக்காவுக்குப் போய்ப் பேசிவிட்டு வருவார். கால் ஓய்ந்தபின் அவருடைய உலகம் அந்தத் தளமாகச் சுருங்குகிறது. சந்தை மலாய் கொஞ்சமும் உடைந்த ஆங்கிலம் கொஞ்சமும் வைத்துக்கொண்டு அவர் காலம் தள்ளுகிறார். முதுமை மறதிநோய் தொடங்கினாலோ, பின்னாளில் கற்ற மொழிகள் முதலில் நழுவித் தாய்மொழி எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது.

இத்தகையவரிடம், “விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியுமா?” என ஆங்கிலத்தில் கேட்டால் அவர் சிரித்துத் தலையாட்டுவார். அறிக்கையில் ‘ஆபத்தைப் புரிந்துகொள்ளவில்லை’ என்று எழுதப்பட்டுவிடலாம். அதே கேள்வியைத் தமிழில் கேட்டால், போனமுறை எங்கே வழுக்கியது, எவ்வளவு நேரம் தரையில் கிடந்தார், இப்போது இரவில் வாளியை எங்கே வைக்கிறார் என்று அரைமணி நேரம் சொல்வார். ஒரே மனிதர், ஒரே நாள். அவர் தம் வீட்டில் இருக்கலாமா கூடாதா என்பது கேட்டவரின் மொழியைப் பொறுத்து மாறிவிடுகிறது.

இதற்குத் தீர்வு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு வரி. ஒரு நிலையத்தின் எல்லைக்குள் தமிழ் மட்டுமே பேசும் முதியோர் நாலைந்து பேர்தான் என்றால், அவர்களுக்கென ஓர் ஊழியர் என்பது எந்த எண்ணிக்கையாலும் நியாயப்படாது. அக்கம்பக்கத்து நிலையங்கள் இரண்டு மூன்று சேர்ந்து தமிழறிந்த ஓர் ஊழியரைப் பகிர்ந்துகொள்ளலாம். வாரம் இருமுறை தொலைபேசியில் தமிழில் பேசத் தொண்டூழியர் வட்டம் அமைக்கலாம். திறன் மதிப்பீட்டின்போது மொழிபெயர்ப்பவர் பேரப்பிள்ளையாக இல்லாமல் வெளியாளாக இருக்க வேண்டும் என்று விதி செய்யலாம். எதுவும் பெருஞ்செலவன்று. ஆனால் மேசையில் ஒருவர் எடுத்துரைத்தாலொழிய இவ்வரி எழுதப்படாது. மற்ற உறுப்பினர்கள் மனமில்லாதவர்கள் அல்லர். அவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை, அவ்வளவே. தமிழர்கள் தொண்டூழியத்துக்குக் குறைந்தவர்களும் அல்லர். பந்தியில் பரிமாறவும், பொங்கலுக்குக் கரும்பு கட்டவும் அழைத்தால் உடனே வருகிறோம். நிதியறிக்கை வாசிக்க அழைத்தால் மட்டும் தயங்குகிறோம்.

முதியோரும் குழுவில் அமரலாமா என்று சிலர் கேட்பதுண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 2002இல் செயல்படத் தொடங்கிய ‘பீக்கன் ஹில் வில்லேஜ்’ என்னும் அமைப்பு இதற்கு முன்மாதிரி. அப்பகுதியில் வாழ்ந்த மூத்தோரே கூடி, ஆண்டுச் சந்தா வைத்து, நம்பகமான குழாய் பழுதுபார்ப்பவர், வண்டியோட்டி, மருத்துவமனைக்கு உடன் வருபவர் என ஒருவருக்கொருவர் ஏற்பாடு செய்துகொண்டனர். பின்னர் அந்நாட்டின் பல ஊர்களுக்கும் அம்முறை பரவியது. சந்தா கட்டும் வசதி உள்ளோரின் முறையை வாடகை வீட்டில் வாழ்வோரிடம் அப்படியே கொண்டுவர முடியாது. கொண்டுவரக்கூடியது, பயன்பெறுவோரே முடிவெடுக்கும் இடத்தில் இருப்பது. எங்கள் குழுவில் எழுபது வயதைக் கடந்த ஓர் அம்மையார் சேர்ந்தபின் கேட்ட முதற்கேள்வி, “மதிய உணவைப் பத்தரை மணிக்கே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார்களே, இன்சுலின் போடுகிறவர் எப்போது சாப்பிடுவது?” என்பது. ஒப்பந்தத்தை நாங்கள் அனைவரும் படித்திருந்தோம்; விலையைப் பற்றித்தான் பேசியிருந்தோம்.

குழுவில் சேர எண்ணுவோர் அறிய வேண்டிய சில செய்திகள் எஞ்சியுள்ளன. இப்பணிக்கு ஊதியம் இல்லை. சேருமுன் கடந்த மூன்றாண்டுக் கணக்கறிக்கைகளையும் சேமிப்பு நிதிக் கொள்கையையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்; தரத் தயங்கும் நிறுவனத்தில் சேராதிருப்பது நலம். உறவினரின் உணவு நிறுவனம் விலைப்புள்ளி அளித்திருந்தால் அதை அறிவித்து, அப்பொருள் முடியும்வரை அறையைவிட்டு வெளியேற வேண்டும். அறநிறுவனங்களுக்கான ஆளுமை நெறிமுறை 2023இல் திருத்தப்பட்டது. அதன்படி உறுப்பினர் எவரும் தொடர்ந்து பத்தாண்டுக்கு மேல் நீடிப்பது முறையன்று. பொருளாளருக்கு வரம்பு நான்கே ஆண்டு. ஆகவே எந்தக் குழுவிலும் அடிக்கடி காலியாகும் இடம் பொருளாளருடையது; கணக்கியல் தெரிந்த, தமிழும் பேசத் தெரிந்த ஒருவருக்காகக் காத்திருக்கும் இடங்களுள் அதுவும் ஒன்று.