பயந்த கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்

2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் ஆழிப்பேரலை அதிகம் உயிர் குடித்தது நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான். 6,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலரை அலை விடவில்லை. மாதங்கள் கழிந்தும் இரவில் அலறி எழுந்தார்கள்; கடலில் தொழில் செய்தவர்களே கரைக்குப் போக அஞ்சினார்கள். ஊர் வழக்கில் இதற்குப் "பயந்த கோளாறு" என்று பெயர். மந்திரித்துக் கயிறு கட்டுவோம், வேப்பிலை அடிப்போம். அப்போதும் தீரவில்லை என்றால், "அதையே நினைச்சுக்கிட்டு இருக்காதே" என்போம். நினைக்காமல் இருக்க முடியாததுதான் அந்த நோய் என்பது நமக்குத் தெரிவதில்லை.

மருத்துவர்கள் இதை பி.டி.எஸ்.டி. என்கிறார்கள். விபத்து, வன்கொடுமை, போர், பேரிடர் என எதற்குப் பின்னும் வரலாம். உயிருக்கு ஆபத்து என்றதும் மூளையில் பாதாம் பருப்பு அளவிலுள்ள அமிக்டலா விழித்துக்கொள்கிறது. அட்ரினலினும் நார்அட்ரினலினும் பெருகி, நெஞ்சு படபடக்கிறது. அந்த நொடியின் ஓசையும் வாசனையும் நினைவில் ஆழமாகப் பதிவதும் இவற்றால்தான். ஆபத்து நீங்கியதும் இந்தக் கொந்தளிப்பை அடக்குவதில் கார்டிசால் என்ற ஹார்மோனுக்குப் பெரிய பங்கு உண்டு. பி.டி.எஸ்.டி. உள்ளவர்களுக்கு அது அதிகமாகத்தான் இருக்கும் என்று தோன்றும். பல ஆய்வுகளில் குறைவாகவே இருந்தது! அதை ஏற்கும் புரதங்கள் மிகையாகக் கூர்மை அடைந்திருப்பதால், கொஞ்சம் சுரந்ததுமே "போதும்" என்ற செய்தி மூளைக்குப் போய்விடுகிறது என்பது ஒரு விளக்கம். "அது அன்று நடந்தது, இன்று இல்லை" என்று பிரித்துச் சொல்ல வேண்டிய ஹிப்போகாம்பஸும், அமிக்டலாவை அடக்க வேண்டிய முன்மூளையும் சரிவர வேலை செய்வதில்லை. அதனால் பட்டாசுச் சத்தம் போதும், உடல் மறுபடி அந்த நாளுக்கே போய்விடும்.

ஒரே விபத்தில் சிக்கிய இருவரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வருகிறது? கார்டிசால் ஏற்பியைக் கட்டுப்படுத்தும் எஃப்.கே.பி.பி.5 என்ற மரபணுவின் சில வகைகளோடு சிறுவயதுக் கொடுமையும் சேர்ந்தால், பின்னாளில் இந்நோயின் தீவிரம் கூடுவதாக 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. மன உறுதிக்கு வைக்கும் பரீட்சை அல்ல இது. "அவன் தாங்கிக்கிட்டான், உனக்கு என்ன?" என்று கேட்பது அநியாயம்.

கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், நடந்ததை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் குடும்பத்தையும் பாதித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். தூக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்குவது பெரிய ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் தூக்கமாத்திரையும் அப்படியே. அது நோயைத் தீர்க்காது, பழக்கமாகிவிடும். பேரிடர் நடந்த கையோடு பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து, எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது.

நினைவையும் அச்சத்தையும் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்கே முதலிடம். பாதுகாப்பான இடத்தில் அதே நினைவைத் திரும்பத் திரும்பத் தொடும்போது, "இப்போது ஆபத்தில்லை" என்பதை மூளை புதிதாகக் கற்றுக்கொள்கிறது. செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் செரட்டோனின் வழியாக உதவுகின்றன. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இந்தச் சிகிச்சையைச் சலுகையாகக் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, அரசு மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அது இலவசம். வறுமைக்கோட்டு அட்டை கையில் இல்லை என்று மறுக்க முடியாது. குறைந்தபட்ச மனநலச் சேவைகூட அரசுத் தரப்பில் இல்லாத மாவட்டத்தில், அங்குள்ள வேறு மருத்துவமனையில் ஆகும் செலவை அரசே ஏற்க வேண்டும். இது பலருக்குத் தெரியாது. உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. சிகிச்சை விவரம் வெளியே போகாமல் காப்பது 23-ஆம் பிரிவு. உரிமை மறுக்கப்பட்டால் மனநல மறுஆய்வு வாரியத்தில் முறையிடலாம்.

கயிறு கட்ட விரும்பினால் கட்டிக்கொள்ளுங்கள், அதோடு நின்றுவிடாதீர்கள். முதலில் பேச ஒருவர் வேண்டும் என்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.