ஒரே டிஸ்க்குகளில் மூன்று ரெய்டு: எப்படி, எதற்கு?

ஒரு சர்வரில் 4 டெராபைட் டிஸ்க்குகள் நான்கு. இயங்குதளத்தை எழுப்பும் பூட் பகுதி, டேட்டாபேஸ், பழைய கோப்புகள் மூன்றும் அவற்றில்தான் இருந்தாக வேண்டும். மூன்றையும் ஒரே வகை ரெய்டில் போட வேண்டிய கட்டாயமில்லை.

பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றுபோல ஆள்வதுதான் ரெய்டு. 1988-இல் பெர்க்லியில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரை தந்த பெயர் அது. ரெய்டு 1 ஒவ்வொரு டிஸ்க்கிலும் முழு நகலை வைக்கும். ரெய்டு 10 ஜோடி ஜோடியாக நகலெடுத்து, ஜோடிகளுக்குத் தரவைப் பங்கிடும். ரெய்டு 5 நகலெடுக்காது. பேரிட்டி என்னும் கணக்கை எழுதிவைத்து, இழந்ததை அதைக்கொண்டு மீட்கும்.

லினக்ஸின் மென்பொருள் ரெய்டு, முழு டிஸ்க்கைப் போலவே அதன் பகுதியான பார்ட்டிஷனையும் ஏற்கும். எனவே நான்கு டிஸ்க்கையும் ஒரே மாதிரி மூன்றாகப் பிரிக்கலாம். பூட் பகுதிக்குத் தலா 1 ஜிகாபைட், ரெய்டு 1: எந்த டிஸ்க் மிஞ்சினாலும் பூட் கோப்புகள் தப்பும். டேட்டாபேஸுக்குத் தலா 1 டெராபைட், ரெய்டு 10: கிடைப்பது 2 டெராபைட். மீதியில் ரெய்டு 5: கிட்டத்தட்ட 9 டெராபைட்.

டேட்டாபேஸையும் ரெய்டு 5-இல் வைத்தால் இடம் மிச்சமாகுமே? ஆகும். ஆனால் அங்கே சிறு மாற்றத்துக்கும் பழைய தரவு, பழைய பேரிட்டி இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும். மொத்தம் நான்கு வேலை. ரெய்டு 10-இல் இரண்டு எழுத்தோடு முடிந்துவிடும். எப்போதோ எழுதும் பழைய கோப்புகளுக்கு இந்த நான்கு வேலை பொருட்டல்ல.

பிரித்தது இடத்தைத்தான், டிஸ்க்கை அல்ல. பழைய கோப்புகளைப் பெருமளவில் படிக்கும்போது டேட்டாபேஸும் தள்ளாடும். ஹார்டு டிஸ்க்கில் இரண்டுக்கும் ஓடுவது ஒரே முள். ஒரு டிஸ்க் போனால் மூன்று ரெய்டும் ஒருசேர ஊனமாகும். புதிய டிஸ்க்கைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தனித்தனியே சேர்க்க வேண்டும். டிஸ்க்குகள் பொது என்பதால் லினக்ஸ் மூன்று ரெய்டையும் ஒன்றன்பின் ஒன்றாகவே சீரமைக்கும்.

அதற்குள் இன்னொரு டிஸ்க்கும் போனால்தான் வேறுபாடு தெரியும். ரெய்டு 1 தப்பும். போனது முதல் டிஸ்க்கின் ஜோடியாக இல்லாவிட்டால் ரெய்டு 10-உம் தப்பும். ரெய்டு 5 அழியும். ஆகவே எந்தப் பேக்கப்பை முதலில் சரிபார்ப்பது என்பதில் குழப்பம் வேண்டாம்: அந்த 9 டெராபைட்டுடையதை.