பனிநாட்டு உழவர்

இமாசலப் பிரதேசத்தில் பரப்பால் மிகப் பெரிய மாவட்டமாகிய லாஹௌல்-ஸ்பிதியை மாணவர்க்கு இங்கு அறிமுகஞ் செய்கிறோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கு வாழ்ந்தோர் 31,564 பேரே. சதுரக் கிலோமீட்டருக்கு இருவர்! மழை அரிது. உருகும் பனிநீரைச் சிறு வாய்க்கால்கள் வழியே மலைச்சரிவில் இறக்கி, பட்டாணியும் உருளைக்கிழங்கும் விளைவிக்கின்றனர். கடுங்குளிரால் பெரும்பாலும் ஒரு போகமே.

முன்பு ரோஹ்தாங் கணவாய் பனியால் மூடப்பட்டதும் லாஹௌல் மாதக்கணக்கில் தனித்துவிடும். நோயுற்றோருக்கு ஹெலிகாப்டரே கதி. 2020இல் திறக்கப்பெற்ற, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை அத்துயரைப் பெரிதும் தணித்தது. ஸ்பிதி மக்களுக்கு அந்தப் பேறு முழுமையாக வாய்க்கவில்லை; குன்சும் கணவாய் இன்றும் குளிர்காலத்தில் அடைபடுவதால், மாவட்டத் தலைநகரான கேலாங்கிற்கே கின்னௌர் வழியாகச் சுற்றிவர வேண்டும். வழியடைக்கும் அதே பனி குறைந்த ஆண்டிலோ வாய்க்கால் வற்றிப் பட்டாணி வாடுகிறது.